வைத்திய மாணவரும் வாய்மையும்

பதுளை ஆஸ்பத்திரியில் காலை வேளையில் காத்திருப்போரைக் கண்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். பசறை, லுணுகலை, நமுனுகுலைப் பக்கங்களிலிருந்து முதல் பஸ்ஸிலே வந்து இறங்கும் தோட்டத்துத் தாய்மாரின் கையில் ஒரு பொலித்தீன் பை இருக்கும். அதனுள்ளே ஓர் அப்பியாசக் கொப்பி. 'கிளினிக் கொப்பி' என்பது அதன் பெயர். சென்ற முறை வந்தபோது வைத்தியர் என்ன கண்டார், இரத்த அழுத்தம் எவ்வளவு, எந்த மருந்தை எத்தனை வேளைக்குக் கொடுத்தார் என்பனவெல்லாம் அதிலே ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். அதைச் சுமந்து வருபவர்களிற் பலருக்கு அதில் ஒரு வரி தானும் விளங்காது. ஆயினும் மழையிலே தாம் நனைந்தாலும் கொப்பி நனையாமற் காத்துக்கொண்டு வருவார்கள்.

அந்தக் கொப்பியில் உள்ளது மெய்தானா என்று சோதித்தறிய அவர்களுக்கு வழியில்லை. கொழும்பிலே வசதியுள்ள ஒருவர் ஒரு வைத்தியரின் சொல்லிற் சந்தேகங்கொண்டால் மறுநாளே இன்னொருவரிடம் போவார். ஒரு நாட் சம்பளத்தை இழந்து மலையிறங்கி வருபவருக்கு இரண்டாவது வைத்தியர் என ஒருவர் இல்லை. ஆகவே, வைத்தியம் பயிலும் மாணாக்கர் பரீட்சையிலும் பயிற்சியிலும் செய்யும் பொய்களைப் பற்றிப் பேச வரும்போது, அவற்றைக் கலாசாலைக் குறும்புகளாக எண்ணிச் சிரித்துவிட்டுப் போக நம்மால் இயலவில்லை. அப்பொய்களுக்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை ஊவாவின் மலைகளிலிருந்து பார்த்தால் மிகத் தெளிவாகத் தெரிகிறது.

முதலாவது பொய் வைத்திய பீடத்தின் வாயிலுக்கு வெளியிலேயே நிகழ்ந்துவிடுகிறது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் அது பதுளை மாவட்டத்தை நேரே தாக்கும் பொய்.

இந்நாட்டில் 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி வந்தது. அது தோட்டத்து எல்லைக்கல்லைத் தாண்டி உள்ளே வர வெகுகாலம் சென்றது. தோட்ட நிர்வாகங்கள் நடத்திய பாடசாலைகளிலே ஒரே அறையில் பல வகுப்புகளும், அவை எல்லாவற்றுக்கும் ஒரே உபாத்தியாயருமாக இருந்த காலம் நம் பெரியோர் பலரின் நினைவில் இன்னும் இருக்கிறது. அப்பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். இடையில் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. பிள்ளையைப் படிக்க வைப்பதா, இந்தியாவுக்குக் கப்பலேறுவதா என்ற கவலையிலேயே ஒரு தலைமுறை கழிந்தது. இவ்வாறு பின்தங்கிய பிரதேசங்களிலே பிறந்த பிள்ளைகள் கொழும்புப் பிள்ளைகளோடு ஒரே கோட்டில் நின்று ஓட முடியாது என்பது வெளிப்படை.

1970களின் முற்பகுதியில் பல்கலைக்கழகப் பிரவேசத்திலே தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. அவை வடபுலத்து மாணவர் மனத்திலே ஏற்படுத்திய காயம் நாம் அறியாததன்று; அதன் நியாய அநியாயம் தனியொரு கட்டுரைக்கு உரியது. காலப்போக்கில் விகிதாசாரங்கள் பலமுறை மாறின. பின்னர் நிலைபெற்ற முறைப்படி நூற்றுக்கு 40 இடங்கள் நாடளாவிய திறமை வரிசைக்கும், 55 இடங்கள் சனத்தொகைக்கேற்ப மாவட்டங்களுக்கும், எஞ்சிய 5 இடங்கள் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் உரியவை. அந்தப் 16 மாவட்டங்களிலே ஊவா மாகாணத்தின் பதுளை, மொனராகலை ஆகிய இரண்டுமே அடங்கும். யாழ்ப்பாணமும் நுவரெலியாவும் கூட அடங்கும். பதுளையிலிருந்து வைத்திய பீடத்துக்குச் செல்லத் தேவையான புள்ளி கொழும்பிலிருந்து செல்லத் தேவையானதைக் காட்டிலும் குறைவு என்பதைப் பெற்றோர் யாவரும் அறிவர்.

அறிந்தவரிற் சிலர் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். ஒரு மாணவர் எந்த மாவட்டத்துக்கு உரியவர் என்பதை, பரீட்சைக்கு முந்திய மூன்றாண்டுகள் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் அவர் படித்தார் என்பதைக் கொண்டே பொதுவாகத் தீர்மானிக்கிறார்கள். மூன்றாண்டு மெய்யாகவே பதுளையில் வந்து தங்கி, இங்குள்ள குளிரையும் விஞ்ஞான ஆசிரியர் பற்றாக்குறையையும் இவ்வூர்ப் பிள்ளைகளோடு பகிர்ந்துகொண்டு ஒருவர் படித்தாராயின் அவரை நாம் குறை கூறமாட்டோம். ஆனால், பெயர் மாத்திரம் பதுளைப் பக்கத்துப் பாடசாலையின் இடாப்பிலும், பிள்ளை மாத்திரம் தலைநகரத்து ரியூசன் வகுப்பிலும் இருந்தால் அதற்கு என்ன பெயர்? மலையகத்துக் கல்விமான்கள் நெடுங்காலமாக எழுப்பி வரும் முறைப்பாடு இது. பதுளையிலும் நுவரெலியாவிலும் வெளிமாவட்டத்தார் 'பரீட்சைக்கு மட்டும்' வந்து போகிறார்கள் என்பதை இப்பகுதி ஆசிரியர்களின் வாயிலிருந்து கேளாதவர் குறைவு.

இப்பொய்யைப் பிள்ளை தனியே சொல்ல முடியாது. வராத நாளுக்கு வரவு குறிக்க ஒருவர் வேண்டும். வதியாத முகவரியை உறுதிப்படுத்த ஒருவர் வேண்டும். இவற்றையெல்லாம் ஒழுங்கு செய்யத் தகப்பனாரோ மாமனாரோ வேண்டும். பதினாறு வயதிலே ஒரு பிள்ளை தன் பெரியோர் அனைவரும் கூடி ஒரு பொய்யான கடதாசியைத் தயாரிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. 'எல்லாம் உன் நன்மைக்குத்தான்' என்று அதற்குச் சொல்லப்படுகிறது. வைத்தியத் தொழிலுக்கு அப்பிள்ளை பெறும் முதற் பாடம் அதுவாகிவிடுகிறது.

மறுபுறத்தில் நிற்கும் பிள்ளையையும் எண்ணிப் பார்ப்போம். நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் லயத்துக் காம்பிராவிலே பிறந்தவள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாய் கொழுந்தெடுக்கிறாள், தகப்பன் கொழும்பிலே ஒரு கடையில் வேலை. தமிழ் மொழியில் உயர்தர விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலை அவள் ஊரில் இல்லை. பதுளை நகருக்கு வர வேண்டும். மலைப் பாதையில் மண் சரிந்தால் அன்று பஸ் இல்லை. பௌதிக ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனால் அடுத்தவர் வர எத்தனை தவணை ஆகும் என்று யாருக்கும் தெரியாது. இவ்வளவுக்கும் ஈடுகொடுத்து அவள் பரீட்சை எழுதுகிறாள். பெறுபேறு வருகிறது. இசட் புள்ளி நான்கு தசமதானம் வரை கணிக்கப்படுவது. வெட்டுப்புள்ளியை மூன்றாம் தானத்திலே தவற விட்டவர்கள் உண்டு. தனக்கு மேலே நின்றவர்களில் ஒருவர் பதுளையைப் பரீட்சை மண்டபத்திலே மாத்திரம் கண்டவர் என்பது அவளுக்கு ஒருபோதும் தெரிய வராது. தன்னால் முடியவில்லை என்றே அவள் வாழ்நாள் முழுவதும் எண்ணியிருப்பாள். இந்தத் திருட்டிலே மிகக் கொடியது இதுதான் என்பது நம் கருத்து: பறிகொடுத்தவருக்குப் பறிகொடுத்தது தெரிவதில்லை.

ஒதுக்கீடு மாவட்டத்துக்கே உரியது, தோட்டத்துக்கென்று தனிப் பங்கில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். நகரத்துக் கடைக்காரரின் மகனும், வெலிமடைக் கமக்காரரின் மகளும், தோட்டத்துப் பிள்ளையும் அந்தச் சில இடங்களுக்கே போட்டியிடுகிறார்கள். அச்சிலவற்றில் ஒன்று களவு போனாலும் இழப்புப் பெரிது.

இனி வைத்திய பீடத்துக்குள்ளே வருவோம். ஐந்து வருடப் படிப்பு. பின்னர் ஒரு வருட உள்ளகப் பயிற்சி. இறுதிப் பரீட்சையின் தகுதி வரிசைப்படியே பயிற்சிக்குரிய ஆஸ்பத்திரியைத் தெரிவு செய்யும் உரிமை கிடைக்கிறது. ஆதலால் ஒவ்வொரு புள்ளியும் ஊரையும் எதிர்காலத்தையும் தீர்மானிக்கும் புள்ளியாகிவிடுகிறது. விரிவுரைக்கு வராத நண்பனுக்காகக் கையொப்பமிடுதல், சென்ற தொகுதியினர் நினைவில் வைத்துச் சொன்ன வினாக்களை மனப்பாடம் செய்தல் போன்றவற்றை நாம் விரைந்து கடந்து செல்லலாம். அவை எல்லாக் கல்லூரிகளிலும் உள்ளவை. வைத்தியக் கல்விக்கே உரிய பொய் ஒன்று உண்டு. அதிலேதான் நாம் நிற்க விரும்புகிறோம்.

வைத்திய மாணவர் வார்டிலே நோயாளியின் அருகில் அமர்ந்து அவருடைய நோயின் வரலாற்றைக் கேட்டு எழுத வேண்டும். எப்போது தொடங்கியது, எங்கே நோகிறது, வீட்டில் வேறு யாருக்கும் உண்டா, என்ன உண்கிறார், என்ன வேலை செய்கிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். பின்னர் தொட்டும் தட்டியும் செவிமடுத்தும் சோதித்து, கண்டதைக் குறிக்க வேண்டும். அனுபவமுள்ள வைத்தியர்கள் நோயிற் பெரும் பங்கை வரலாற்றிலிருந்தே கண்டுபிடித்துவிடுவர். இவ்வேலைக்கு நேரம் பிடிக்கும். நோயாளி தமிழ் மட்டும் அறிந்தவராகவும் மாணவர் தமிழறியாதவராகவும் இருந்தால் இன்னும் நேரம் பிடிக்கும். மொழிபெயர்க்கப் பக்கத்துக் கட்டில்காரரையோ தாதியையோ துணைக்கழைக்க வேண்டும். பக்கத்திலேயே நண்பனின் குறிப்புப் புத்தகம் இருக்கிறது. அதைப் பார்த்து எழுதினால் பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. தோட்டத்து நோயாளியே மிக அதிகமாகக் 'காப்பி' அடிக்கப்படும் நோயாளியாகிவிடும் அபாயம் இதனாலேதான் எழுகிறது.

பார்த்து எழுதுவதிலும் மோசமானது, பாராமலே எழுதுவது. இரத்த அழுத்தம் 120/80 என்று எழுத ஒரு கருவியும் வேண்டியதில்லை; பேனா போதும். ஆரோக்கியமான வாலிபருக்கு அது பெரும்பாலும் சரியாகவும் இருந்துவிடும். கர்ப்பிணி ஒருத்திக்கு அவ்வாறு எழுதப்பட்டால் என்ன ஆகும்? கர்ப்பகாலத்தில் ஏறும் இரத்த அழுத்தம் முதலிலே எந்த நோவும் தராமல் இருக்கலாம். கவனியாது விட்டால் வலிப்பிலே கொண்டுபோய் விடும், தாயையும் சிசுவையும் பறிக்கும். அதைக் கண்டுபிடிக்கும் வழி கையிலே பட்டியைச் சுற்றி அளப்பதுதான். அதுபோலவே இரத்தச் சோகைக்குக் கீழிமையைச் சற்றே இழுத்துப் பார்ப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை. 'வெளிறவில்லை' என்று ஒருவர் இமையைத் தொடாமலே எழுதிவைத்தால், மாலையில் வரும் வைத்தியர் அதை வாசித்துவிட்டு அப்பாற் செல்வார். அவர் மேல் குற்றமில்லை. நம்புவதற்காகத்தானே அந்தத் தாள் அங்கே தொங்குகிறது!

இவை கற்பனை அச்சங்களாயின் நல்லது. ஆனால் தோட்டப் பகுதிகளின் உடல்நிலை இந்த அசிரத்தையைத் தாங்கும் நிலையில் இல்லை. 2016ஆம் ஆண்டின் குடிசன சுகாதார அளவீட்டின்படி, இலங்கை முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளிலே வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நூற்றுக்கு 17 பேர். தோட்டங்களில் 32 பேர். நிறுக்காமலே நிறையும், அளக்காமலே உயரமும் குறிக்கப் பழகிய கை இங்கே வேலைக்கு வந்தால், அந்த 32 பேரும் கடதாசியிலே வளர்ந்துவிடுவார்கள்.

மாணவப் பருவத்துப் பழக்கம் பட்டத்தோடு ஒழிந்துவிடாதா என்று கேட்போர் உண்டு. அமெரிக்காவிலே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். மிச்சிகன், ஜெபர்சன், கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ ஆகிய மூன்று வைத்தியக் கல்லூரிகளிற் படித்து, பிற்காலத்தில் மருத்துவச் சபைகளால் தண்டிக்கப்பட்ட 235 வைத்தியர்களின் மாணவப் பதிவேடுகளையும், தண்டிக்கப்படாத 469 பேரின் பதிவேடுகளையும் ஒப்பிட்டார்கள். 2005ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. மாணவராயிருந்தபோதே நடத்தைக் குறை குறிக்கப்பட்டவர்கள் பின்னாளில் தண்டனை பெறும் சாத்தியம் மற்றவரைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. பொறுப்பின்மை மிகுந்தவர்களின் நிலை இன்னும் மோசம். பரீட்சைக் களவை மட்டும் அவ்வாராய்ச்சி பார்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் கடமையை ஏமாற்றும் குணம் பட்டமளிப்பு விழாவோடு கழன்று விழுவதில்லை என்பதற்கு அது சான்று. அதற்கு முன்னர் 1996இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அந்நாட்டின் 31 வைத்தியக் கல்லூரிகளில் விசாரித்தபோது, பிறர் ஏமாற்றுவதைக் கண்டதாக நூற்றுக்கு 39 பேர் சொன்னார்கள். தாம் ஏமாற்றியதாகச் சொன்னவர்கள் 5 பேரளவே. எல்லா ஊர்களிலும் களவு அடுத்த வீட்டிலேதான் நடக்கிறது போலும்!

நமது அண்டை நாட்டுக் கதை இதனினும் பெரிது. மத்தியப் பிரதேசத்தில் வைத்தியக் கல்லூரி நுழைவுப் பரீட்சையை நடத்திய சபையை 'வியாபம்' என்று சுருக்கமாக அழைப்பர். அங்கே ஆள்மாறாட்டம் பெருவியாபாரமாக நடந்தது 2013இல் அம்பலமாயிற்று. ஒரு முறைக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'இஞ்சினும் பெட்டியும்'. கெட்டிக்கார மாணவர் ஒருவர் இஞ்சின். பணம் கொடுத்தவர் பெட்டி. இருவருக்கும் அடுத்தடுத்த ஆசனம் கிடைக்கும்படி இலக்கங்கள் ஒழுங்கு செய்யப்படும்; இஞ்சின் எழுத, பெட்டி இழுபடும். கூலிக்கு எழுதியவர்களில் ஏற்கெனவே வைத்தியக் கல்லூரிகளிற் படித்துக்கொண்டிருந்தவர்களும் இருந்தார்கள் என்பதுதான் வேதனை. தமிழ்நாட்டிலும் 2019இல் தேனி அரசு வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்த மாணவர் ஒருவருக்காக வேறொருவர் நுழைவுப் பரீட்சை எழுதியதாக வழக்கு எழுந்தது. புகைப்படத்து முகமும் வகுப்பறை முகமும் வேறாயிருந்தன. நம் நாடு தப்பிவிட்டதென்றும் சொல்வதற்கில்லை. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உயர்தரப் பரீட்சையின் விவசாய விஞ்ஞான வினாத்தாள் முன்கூட்டியே வெளியானதால் ரத்துச் செய்யப்பட்டு, மாணவர் மீண்டும் எழுத நேர்ந்தது.

வியாபம் வழக்கிலே இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த ஒரு வினா ஊவாவுக்கும் பொருந்துவது. அநுமதி ரத்துச் செய்யப்பட்ட 634 மாணவர்களிற் பலர் வழக்கு முடியுமுன்னே படிப்பையும் முடித்துவிட்டார்கள். 2016 மே மாதம் இரு நீதிபதிகள் இருவேறாகத் தீர்ப்பளித்தனர். இவர்கள் கற்ற வித்தையை வீணாக்காமல், ஒழுங்கான சம்பளமின்றி ஐந்தாண்டு தேசத்துக்குச் சேவை செய்யச் சொல்லிப் பட்டத்தைக் கொடுக்கலாம் என்றார் நீதிபதி செலமேஸ்வர். அநுமதி ரத்தானது ரத்தானதே என்றார் நீதிபதி சாப்ரே. 2017 பெப்ரவரி 13ஆந் தேதி பிரதம நீதியரசர் கேஹர் தலைமையில் மூவர் கூடி, ரத்தையே உறுதி செய்தனர்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் இலங்கை வைத்தியர் பலர் வெளிநாடு சென்றுவிட்டதை நாம் அறிவோம். 'களவாக வந்தவராயினும் வைத்தியர் வைத்தியர்தானே. மலைநாட்டுக்கு ஒருவர் கிடைத்தால் போதாதா?' என்ற எண்ணம் இங்கேயும் எழக்கூடும். அந்த எண்ணத்தின் பலம் நமக்குத் தெரிகிறது. இருந்தும் மூவர் தீர்ப்பே சரியென்று நாம் கருதுகிறோம். அந்த 634 பேருக்காக வாதாட வழக்கறிஞர் இருந்தனர். அவர்களால் இடமிழந்த 634 பேர் யாரென்று எவருக்கும் தெரியாது. அவர்களுக்காக யார் வாதாடினர்? மேலும், பதுளையின் பெயரால் இடம் பெற்று, பதுளையை மெய்யாக ஒருநாளும் வாழ்ந்து பாராதவர் பட்டம் பெற்ற பின் இம்மலைக்குத் திரும்பி வருவார் என்று எதிர்பார்ப்பதும் கடினம்.

ஏமாற்றுவோரைப் பிடிக்கும் ஆவேசத்தில் நிரபராதிகளை வதைப்பதும் நேர்ந்திருக்கிறது. கொரோனாக் காலத்தில் அமெரிக்காவின் டார்ட்மத் பல்கலைக்கழக வைத்தியக் கல்லூரியிலே மாணவர் வீட்டிலிருந்தே பரீட்சை எழுதினர். பரீட்சை வேளையிற் பாடக் குறிப்புகளைத் திறந்து பார்த்ததாகக் கணினிப் பதிவுகளை மட்டும் ஆதாரமாகக் கொண்டு 2021இல் 17 மாணவர் மீது குற்றஞ் சாட்டப்பட்டது. மனிதர் தொடாத வேளையிலும் கருவி தானாகவே அத்தகைய பதிவுகளை உண்டாக்கும் என்பது பின்னர் வெளியாயிற்று. அவ்வாண்டு ஜூன் மாதத்திற் குற்றச்சாட்டுகள் யாவும் கைவிடப்பட்டன. கல்லூரித் தலைவர் மன்னிப்புக் கேட்டார். இயந்திரம் சொன்னது என்பதற்காக ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை அழித்துவிட முடியாது.

இடாப்புப் பொய்யைப் பிடிக்கவும் இயந்திரம் வேண்டியதில்லை. மூன்றாண்டாக ஒரு வகுப்பிலிருந்த பிள்ளையை உடன்படித்த பிள்ளைகள் அறிவர். அவர்களின் பெற்றோரும் அறிவர். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலே உயர்தர விஞ்ஞான வகுப்பின் பெயர்ப்பட்டியலை உரக்க வாசிக்கச் சொல்லி, 'இந்தப் பிள்ளை யார்? நாங்கள் கண்டதில்லையே' என்று ஒரு தாய் எழுந்து கேட்டால் போதும். தோட்டத்துப் பெற்றோர் அதிபரின் முன் எழுந்து கேட்கத் தயங்குவது உண்மை. கூட்டத்துக்கு வந்தால் அரை நாட் பேர் போய்விடும் என்பதும் உண்மை. ஆயினும் கேட்கும் உரிமை அவர்களுக்கே முதலில் உண்டு, ஏனெனில் போகிற இடம் அவர்கள் பிள்ளையுடையது.

வார்டுப் பொய்க்குப் பழைய ஆசான்கள் ஒரு சோதனை வைத்திருந்தார்கள். இன்றும் வைத்தியப் பரீட்சையில் அதன் சாயல் இருக்கிறது. மாணவர் முன்பின் அறியாத நோயாளி ஒருவரோடு குறித்த நேரம் தனியே அமர்ந்து கேட்டும் சோதித்தும் வர வேண்டும். பின்னர் பரீட்சகர் அவரைக் கேள்வி கேட்டு, கட்டிலருகே அழைத்துச் சென்று, கண்டதாகச் சொன்னதைக் காட்டச் சொல்வார். மண்ணீரல் வீங்கியிருக்கிறதென்றால் அது கையில் தட்டுப்பட வேண்டும். பரீட்சை நாளில் மட்டுமன்றிப் பயிற்சி நாட்களிலும் இதைச் செய்யும் ஆசிரியர்கள் உண்டு. குறிப்புப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, எழுதிய மாணவரையும் உடனழைத்து, நேரே நோயாளியிடம் போவார்கள். 'அம்மா, இந்தத் தம்பி உங்களிடம் வந்து பேசினாரா?' என்று தமிழிலேயே கேட்பார்கள்.